ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரியாதவள்

அத்தியாயம் 3

"இந்த ரோடு எங்கேயோ போகுதுன்னு நினைச்சேன் மேடம். இது எல்லாரும் போற இடத்துக்குத்தான் போகுது" என்றான் பட்டாணி, காரின் பிரேக்கை மிதித்துக்கொண்டே.

எதிரே துருப்பிடித்த ஒரு கேட். அதற்கு அப்பால் புல் மண்டிய மேடுகள் வரிசை வரிசையாக. ஊரும் இல்லை, வீடும் இல்லை. இடுகாடு. பாதை அதோடு முடிந்துபோயிருந்தது.

பின் இருக்கையில் இருந்த சுருக்கெழுத்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிமன்றத்தில் பாதி ஆயுள் சுருக்கெழுத்து எடுத்தவர். வக்கீல் ஒன்று சொல்ல சாட்சி ஒன்று சொல்ல, யார் எந்த வார்த்தையை எப்படிச் சொன்னார்கள் என்பதைக் காதாலேயே பிடித்துப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு அதே காதை வைத்துக்கொண்டு துப்பறிகிறார். பட்டாணி அவருக்கு டிரைவர், உதவியாளர், வேண்டாதபோதும் வாய் திறக்கும் ஆள். உருண்டையான உடம்புக்காக யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

"டீக்கடைக்காரர் உன்கிட்ட என்ன கேட்டாரு?" என்றார் அம்மா.

"ஒண்ணும் கேக்கல. எந்த ஊருக்குப் போகணும்னு நான் சொன்னேன். பலகையில எழுதியிருந்த மாதிரியே, ஒரு எழுத்து விடாம. பெஞ்சுல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவரு ரொம்ப மரியாதையா இப்படிக் கையைக் காட்டினாரு."

"திருப்பு வண்டியை."

முக்கு ரோட்டில் அந்த பெஞ்சு முழுவதும் அவர்களுக்காகவே காத்திருந்தது. கார் நின்றதும் சிரிப்பு வெடித்தது. டீக்கடைக்காரர் தயாராக இரண்டு கிளாஸ் டீயை நீட்டி, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இடுகாட்டைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு டீ இலவசமாம். கூடவே பாடமும் உண்டாம். பட்டாணி பாடம் கேட்டான். பலகையில் அந்தப் பெயர் இரண்டு வரிக்கு மடித்து எழுதும் அளவுக்கு நீளம். ஊர்க்காரர்கள் அதன் நடுவயிற்றை அப்படியே விழுங்கிவிட்டு, தலையைப் பல்லால் கடித்து, வாலை மூக்கால் முடித்துவிடுவார்கள். கேட்டால் தும்மலை அடக்கியதுபோல இருக்கும். அப்படிச் சொல்கிறவன் ஊர்க்காரன், அவனுக்கு இடப்பக்கம் ரோடு. பலகையைப் பார்த்துப் படிக்கிறவன் வெளியாள், அவனுக்குக் கடவுள்தான் துணை.

"எல்லாருக்கும் இடுகாடுதானா?" என்றான் பட்டாணி. "இல்ல, மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணுவீங்களா?"

ஆளுக்கு ஒரு வழி உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டால் இடுகாடு. எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் குப்பைமேட்டுக்கு அனுப்புவார். தண்ணி லாரிக்காரர் ஒருவர் இருந்தாராம், ஒரு ஜவுளி வியாபாரியை ஆற்று மணலில் முழங்கால் புதைய நடக்க வைத்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, போனவன் எப்படியும் இதே முக்கு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும், வந்ததும் டீ கொடுத்துச் சரியாகச் சொல்லவும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம், இதில் என்ன பாவம் என்றார்கள்.

வழி கேட்கிறவன் அந்த ஒரு நிமிடம் தன்னையே தூக்கி நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறான். வாங்கிக்கொண்டவர்களுக்கு அது தெரிவதில்லை.

"திரும்பி வராதவங்க யாராவது உண்டா?" என்று அம்மா கேட்டார்.

சிரிப்பு நின்றது. அவர் கேட்டது எதைப் பற்றி என்று அவர்களுக்கும் தெரியும். முந்தாநாள் சாயங்காலம் இந்த முக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கிய ஒரு பெண்ணைக் காணவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டும் போயிருந்தார். வெளியூர்ப் பெண், மனசு மாறித் திரும்பிப் போயிருக்கும் என்று அவரே விடையும் சொல்லிவிட்டாராம்.

டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாதாம்மா? நம்ம மரமில்காரரோட மருமக. காணோம்னு அவருகிட்ட போய்ச் சொல்லத்தான் இங்க யாருக்கும் தைரியமில்ல. வீட்டுப் பொண்ணை யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா? அதுக்கு மேல, புருஷன்காரன் அதுக்கு நம்ம மாதிரியே பேரு சொல்லக் கத்துக்குடுத்திருக்கானாம். சரியா சொல்ற ஆளுக்கு நாங்க சரியாத்தான் வழி சொல்லுவோம்."

முந்தாநாள் மதியமே தன் கடையை மூடிவிட்டதாகவும் சொன்னார். பஞ்சர்க்காரர் அன்று காலையில் பெட்டி தூக்கி வந்த ஓர் ஆணை மட்டும் குப்பைமேட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்த ஆள் திரும்பி வந்து வண்டி வண்டியாகத் திட்டியதை பெஞ்சு முழுக்கக் கேட்டிருந்தது.

அம்மா கடைசியாக ஒரு விசித்திரமான வேலை வைத்தார். வெளியாட்கள் ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் நடித்துக் காட்ட வேண்டும். இதைவிட இனிப்பான வேலை அவர்களுக்கு இல்லை. முறை வைத்து நடித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, பலகையில் இருப்பதை எழுத்து எழுத்தாக இழுத்தார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

"நாடகக் கம்பெனி ஆரம்பிக்கப் போறீங்களா மேடம்?" என்று பட்டாணி காதருகே கேட்டான்.

"ஒரு ஆளு குறையுது" என்றார் அவர்.

*

புருஷன்காரன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். அம்மாவைக் கூப்பிட்டனுப்பியவன் அவன்தான். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு நாளாகத் தூங்காத கண். அப்பா பார்த்து வைத்த இடத்தை உதறிவிட்டு, தூரத்து நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து அப்பா பேசுவதில்லை. மருமகளின் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அப்பாவின் போட்டோ ஒன்றும் மகனிடம் இல்லாததால் அவளுக்கும் மாமாவின் முகம் தெரியாது. அவள்தான் ஒருநாள் நேரில் போய் நின்றால் மனசு இளகும் என்று நம்பி, புருஷனிடம் சொல்லாமல் கிளம்பி வந்தவள். பஸ்ஸிலிருந்து கடைசியாக ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. சார்ஜ் போயிருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

"அதைப் போடுங்க தம்பி" என்றார் அம்மா.

அவன் போட்டான். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே ஒரு குதூகலக் குரல். திட்டாதீங்க, கிளம்பிட்டேன், மாமாவை நான் பாத்துக்கறேன், இறங்கினதும் ஊருக்கு வழி கேட்டுக்கறேன், பேரைச் சரியா சொல்லிடுவேன், இந்தா கேளுங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரை ஒருமுறை சொன்னாள். தேர்வுக்கு ஒப்பிப்பதைப்போல நிறுத்தி, அழுத்தி.

அம்மா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். மூன்றாம் தடவை பட்டாணிக்கே விளங்கிவிட்டது. தலை ஊர்க்காரர் தலை. நடுவயிற்றையும் விழுங்கிவிட்டாள். ஆனால் வால் மட்டும் பலகை வால். மூக்கால் முடிய வேண்டியதை வாய் நிறைய நீட்டியிருந்தாள்.

"தம்பி, உங்க ஊர்ல இப்படித்தான் சொல்வாங்களா?"

 அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"வேலை முடிஞ்சு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்ப்பா. 'சரியா இருக்கா, சரியா இருக்கா'ன்னு கேப்பா. களைச்சுப்போய் நிப்பா. நானும் சரின்னு சொல்லிடுவேன். போகப் போக வந்துடும்னு நெனச்சேன்."

  பிரியத்தில் சொன்ன ஒரு சின்னப் பொய், அதையும் கடவுள் கணக்கில் எடுத்துக்கொள்வாரா என்று பட்டாணி நினைத்தான்.

"அப்போ அவங்க வழி கேட்டப்போ, கேட்டவரு அவங்களை வெளியாள்னுதான் நெனச்சிருப்பாரு" என்றார் அம்மா. "பெஞ்சுல நடிச்சவங்க ஒருத்தரும் இந்த மாதிரி அரைகுறையாச் சொல்லிக் காட்டல, அப்போ அனுப்பினது அவங்க இல்ல. ஏதோ ஒரு பொய்வழியில போயிருக்காங்க. எந்த வழின்னு, அனுப்பின வாய்க்கு மட்டும்தான் தெரியும். பட்டாணி, இடுகாட்டை நாம பாத்துட்டோம். பஞ்சர்க்காரரைக் குப்பைமேட்டையும், டீக்கடைக்காரரை ஆத்தையும் பாக்கச் சொல்லு. அந்த மில்லு இந்த முக்குலதானே இருக்கு?"

புருஷன்காரன் நிமிர்ந்தான். மில் ஊருக்குள் அல்லவா இருந்தது என்றான். போன வருடம்தான் மில்காரர் அதை இந்த முக்குக்கு மாற்றினார் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். மகனுக்கே தெரியாத இடமாற்றம் மருமகளுக்கு எப்படித் தெரியும்?

*

மரமில்லில் வாள் சுழலும் சத்தம் காதைக் கிழித்தது. மரத்தூள் எல்லாவற்றின் மீதும் படிந்திருந்தது, மேசை மீது, மின்விசிறி மீது, முதலாளியின் புருவத்தின் மீது. மில்காரர் கையசைத்ததும் வாள் மெல்ல ஓய்ந்தது. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பட்டாணிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. மகன் நிலைப்படியிலேயே நின்றான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

மருமகள் இந்தப் பக்கம் வந்தாரா என்று அம்மா கேட்டதற்கு, தனக்கு மருமகளே கிடையாது என்று மில்காரர் பதில் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. மரத்தின் நீளம் சொல்வதைப்போலச் சொன்னார். மகன் போனைத் திருப்பி போட்டோவை நீட்டினான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா வற்புறுத்தவில்லை. பேச்சை மாற்றினார். டீக்கடையில் தங்களை இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டதை அவர் சொல்ல, மில்காரரின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"அவனுக்கு வேற என்ன தெரியும். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துடற வழி. அதுல என்ன இருக்கு?"

"உங்க வழி பெரிசா?" என்றான் பட்டாணி.

தனக்கு இந்தச் சில்லறை விளையாட்டெல்லாம் வழக்கமில்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் விடவில்லை. முன்பு ஒரு அதிகாரியை ஜீப்போடு அலைய விட்டது, ஒரு கல்யாணக் கோஷ்டியையே திருப்பிவிட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. பட்டாணி வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சிரித்துக் கொடுத்தான். அது அவன் வேலை. 

"வெளியாளுங்க பேரை எப்படித்தான் சொல்வாங்க?" என்று அம்மா, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க. பலகையில இருக்கறதைப் படிக்கறவன்கூடத் தேவலாம். அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்து நம்மகிட்டயே நம்மளை மாதிரி பேசுதுங்களே, அதுங்களைத்தான் சும்மா விடக் கூடாது." மில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் இல்லாத பையை இழுத்து விட்டுக்கொண்டார். குரலை மெலிதாக்கி, ஒரு பெண் பேசுவதைப்போல அந்தப் பெயரைச் சொன்னார்.

ஊர்க்காரர் தலை. விழுங்கிய வயிறு. வாய் நிறைய நீண்ட பலகை வால்.

பட்டாணி அம்மாவைப் பார்த்தான். அம்மா அசையவில்லை. "நல்லாருக்கே. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

பாராட்டில் குளிர்ந்துபோன மில்காரர் இன்னொரு தடவை சொன்னார். இம்முறை அவள் கேட்டதையும் சேர்த்துச் சொன்னார். "'மழை வந்துடுமா பெரியவரே'ன்னு கேட்டா. 'ரோடு நல்ல ரோடு, வர்றதுக்குள்ள போயிடலாம், வேகமா நட'ன்னேன். ஓட்டமும் நடையுமாப் போனா பாருங்க."

நிலைப்படியில் நின்றவன் பேசினான். அப்பாவிடம் அவன் நேராகப் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"அது அவ குரல்."

மில்காரருக்கு உடனே புரியவில்லை. சிரிப்பு முகத்தில் மீதி இருக்கும்போதே மகனைப் பார்த்தார். அவன் போனை அவருடைய கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து பிடித்தான்.

"இப்பவாவது பாருங்கப்பா."

பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு போகிற வழி தெரியாமல் அங்கேயே நின்று கெட்டுப்போனதைப் பட்டாணி பார்த்தான். அதன்பின் பல வழக்குகளில் பல குற்றவாளிகளின் முகத்தை அவன் பார்த்திருக்கிறான். இதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை.

"எந்த வழி?" என்றார் அம்மா.

 மில்காரரின் கை எழுந்து, அன்றைக்குக் காட்டியதைப்போலவே வலப்பக்க ரோட்டைக் காட்டியது.

"பழைய கல்குவாரி" என்று வாள் ஓட்டுகிறவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு அவங்க திரும்பி வந்ததைப் பாத்தீங்களா?"

"மழை பிடிச்சுக்கிச்சு" என்றார் மில்காரர். "ஷெட்டை மூடிட்டுக் கிளம்பிட்டேன். திரும்பி வந்திருப்பான்னு… எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க. எப்பவும் வந்துடுவாங்க."

வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால்தான் அந்த விளையாட்டு பாதுகாப்பானது. மழை வந்ததும் வேடிக்கை பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் விளையாட்டிலேயே இருந்தாள்.

*

குவாரிக்குப் போகும் ரோடு உண்மையிலேயே நல்ல ரோடுதான். லாரிகள் ஓடிய காலத்தில் அகலமாகப் போட்டது. கடைசி வளைவில் அது சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோய், கீழே ஒரு பெரிய பள்ளமாகத் திறந்துகிடந்தது. வேலி ஒரு காலத்தில் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு கம்பங்கள். மில் ஆட்கள் கயிறும் பலகையும் கொண்டுவந்திருந்தார்கள். பட்டாணி வழியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தான்.

முதலில் செருப்பு கண்ணில் பட்டது. விளிம்பில், மழை அரித்த சரளையில், ஒற்றையாக. அதற்கு நேர் கீழே, பாதி ஆழத்தில் படிபோல நீட்டிக்கொண்டிருந்த பாறையில் அவள் கிடந்தாள். ஒரு கால் மேல் ஒரு கல் உருண்டிருந்தது. பக்கத்துக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத்தான் கையால் அள்ளி அள்ளிக் குடித்திருக்க வேண்டும். உள்ளங்கை முழுக்கச் சேறு.

யார் இறங்குவது என்று பேசி முடிப்பதற்குள் மில்காரர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டார். வேண்டாம் முதலாளி, வயசான உடம்பு என்று பிடித்தவர்களை உதறினார். மகன் இன்னொரு கயிற்றில் இறங்கினான். பட்டாணி உருண்டை உடம்போடு விளிம்பில் குப்புறப் படுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தலையை நீட்டினால் கீழே பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. பள்ளம் ஒரு மூச்சைக்கூட விடாமல் மேலே அனுப்பியது.

இரண்டு பேரும் சேர்ந்து கல்லை நகர்த்தியபோது அவள் அலறவில்லை. ஆம்புலன்ஸோடு வந்தவர் மேலிருந்தே அந்தக் காலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்தக் காலை இனிமேல் காப்பாற்ற முடியாது என்று அதற்கு அர்த்தம்.

மில்காரர் பாட்டிலைத் திறந்து அவள் உதட்டில் தண்ணீரை விட்டார். "குடிம்மா. மெதுவா. மெதுவாக் குடிம்மா" என்று அவர் சொன்ன குரலைக் கேட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். புருஷனை முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். அப்புறம் பாட்டிலைப் பிடித்திருந்த கிழவரை வெகுநேரம் பார்த்தாள். இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று தேடியது அந்தப் பார்வை. தேடியது கிடைத்ததும் முகம் மலர்ந்தது.

"இவருதாங்க" என்றாள் புருஷனிடம். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "இவருதான் எனக்கு வழி சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு. மழையில நான்தான் எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன். பாவம், தேடிக்கிட்டு வந்திருக்காரு பாருங்க."

புருஷன் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க. வழி கேட்டு ஊருக்கு வரக்கூடத் தெரியாதவன்னு நெனச்சுடுவாரு."

மில்காரரின் கையிலிருந்த பாட்டில் சரிந்து தண்ணீர் அவள் கழுத்தில் சிந்தியது. அவர் அதைத் துடைக்கப் போனார். மகன் அந்தக் கையைத் தொடாமல் நடுவில் தன் கையை வைத்து, தானே துடைத்தான்.

நான்தான் உன் மாமா என்று அவர் சொல்வார் என்று பட்டாணி எதிர்பார்த்தான். சொல்லட்டும் என்று கடவுளைக்கூட வேண்டிக்கொண்டான். மில்காரர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். தலைக்கு மேலே இருந்து அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பட்டாணி திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே" என்று அவள் புருஷனைக் கடிந்துகொண்டாள். "பெரியவரு எவ்வளவு சிரமப்பட்டு இறங்கி வந்திருக்காரு. ஒரு நன்றியாவது சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றான். அந்தக் குறுகிய பாறையில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் நிற்பதைப்போலப் பணிவாக நின்று, இரண்டு கைகளையும் கூப்பினான்.

"ரொம்ப நன்றிங்க, பெரியவரே" என்றான்.